அண்ணாச்சி வீட்டு இணைப்பில் யார் பார்த்தது?

1. முதல் நாள்

என் மகள் யாழினியை பாலர் பள்ளியில் முதன்முதலாக விட்ட அன்றுதான் நானும் வேலையில் சேர்ந்தேன். அவள் அழவில்லை. மிஸ் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான்தான் கேட்டுக்கு வெளியே நின்று, தண்ணீர் பாட்டிலை ரொம்ப இறுக்கி மூடிவிட்டேனோ, அவளால் திறக்க முடியுமோ முடியாதோ என்று யோசித்துக்கொண்டே ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். கவுன்டர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் "பயமா இருக்குக்கா" என்று சொல்லும்போது எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வரும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயத்தோடும் இந்த வேலையைச் செய்யலாம். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

எங்களுடையது சங்கரன்கோவிலில் ஒரு பிராட்பேண்ட் கம்பெனியின் ஃப்ரான்சைஸ் ஆபீஸ். கம்பெனி எங்கேயோ பெரிய ஊரில் இருக்கிறது. இங்கே வயர் இழுப்பது, ரௌட்டர் மாட்டுவது, ரீசார்ஜ் போடுவது, திட்டு வாங்குவது எல்லாம் நாங்கள். ஓனர் ஜெபராஜ் சார் முன்பு கேபிள் டிவி நடத்தியவர். எந்தச் சந்தில் எந்தப் போஸ்ட் சாய்ந்து நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தேரோட்டத்துக்கு முன்னால் ரத வீதியில் குறுக்கே போகும் வயர்களை எல்லாம் இறக்கி, தேர் நிலைக்கு வந்ததும் திரும்ப ஏற்றுவது எங்கள் ஆபீசின் வருஷாந்திர வேலை. அந்த நாட்களில் ஊரே போன் செய்து "நெட் எப்ப வரும்?" என்று கேட்கும். சார் அலுத்துக்கொள்ளாமல், "சாமி வீட்டுக்குப் போகட்டும்வே, பொறவு நெட்டு வரும்" என்பார்.

முதல் நாள் நான் எடுத்த முதல் போன் ஒரு அம்மாவுடையது.

"நெட்டு வரலம்மா. டிவி சுத்திக்கிட்டே கெடக்கு."

"யார் பேர்ல கனெக்‌ஷன் இருக்கும்மா?"

"எங்க வீட்டு அவுக பேர்லதான்."

"அவங்க பேர் என்ன?"

"பேரையா கேக்க?"

"ஆமாம்மா. பேர் அடிச்சாத்தான் கம்ப்ளெயின்ட் பதிய முடியும்."

"நம்ம கோயில்ல ரெண்டு சாமி ஒரே ஒடம்பா நிக்காகள்லா, அவுக பேரு."

"சங்கரநாராயணனா?"

"ஆங், நீயே சொல்லிட்டியே! அதான்."

கம்பெனியின் போர்ட்டலில் அந்தப் பெயரை அடித்தால் திரை நிறைய சங்கரநாராயணன்கள் வந்து நின்றார்கள். நம் ஊராயிற்றே. எந்தத் தெரு, என்ன கடை என்று கேட்டு, விதைக்கடை சங்கரநாராயணன் அண்ணாச்சி என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஜெபராஜ் சார் சிரித்தார். "இதுக்குத்தான் லேடி ஸ்டாஃப் வேணும்னு தேடுனேன். நான் பேரைக் கேட்டா போன வச்சிருவாகம்மா."

அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான். எங்கள் பக்கத்தில் இணைப்பு வீட்டுப் பெரியவர் பெயரில் இருக்கும். அவருடைய ஆதார், அவருடைய போன் நம்பர். ஆனால் அவர் நெட் பக்கமே வரமாட்டார். பார்ப்பது பிள்ளைகள், மருமகள்கள், மாடியில் குடியிருப்பவர்கள். வாடகைக்கு வீடு விடும்போதே "தண்ணி, வைஃபை சேத்து" என்று பேசிக்கொள்கிறார்கள். கம்பெனியின் கணக்கில் இத்தனை பேரும் சேர்ந்து ஒரே ஆள். விதைக்கடை வீட்டைப் பொறுத்தவரை அந்த ஆள் சங்கரநாராயணன் அண்ணாச்சி.

2. இனிமேல் கேட்க வேண்டாம்

நான் சேர்ந்த காலத்தில், புது இணைப்பு கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்போம். "நீங்க நெட்ல என்னென்ன பாக்கீங்கன்ற விவரத்தை விளம்பரம் செய்றவங்களுக்கு கம்பெனி கொடுக்கலாமா?" கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகே கொடுக்கலாம் என்று அரசாங்க விதி இருந்தது. கேட்ட உடனே எல்லாரும் "எதுக்கும்மா அதெல்லாம், வேண்டாம்" என்பார்கள். போர்ட்டலில் "இல்லை" என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன்.

அந்த விதியை அரசாங்கம் விலக்கிக்கொண்டது. செய்தித்தாளில் உள்பக்கத்தில் சின்னதாக வந்திருந்தது. அன்றைக்கு உள்ளூர்ப் பக்கத்தில் பிச்சிப்பூ விலைதான் பெரிய எழுத்தில் இருந்தது. கொஞ்ச நாளில் கம்பெனி மெயில் வந்தது. இனிமேல் சம்மதம் கேட்க வேண்டியதில்லை, எல்லாருடைய கணக்கிலும் "சம்மதம்" என்று தானாகவே மாறிவிடும், வேண்டாம் என்கிறவர்கள் அவர்களாக வந்து சொன்னால் மாற்றிக் கொடுக்கலாம், அதற்குக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய போனுக்கு வரும் ஓடிபி வேண்டும் என்று எழுதியிருந்தது.

"சார், இத நாம எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லணும்ல?" என்றேன்.

"மெயில்ல அப்படி இருக்கா?"

"இல்ல சார்."

"அப்பம் எதுக்கும்மா இழுத்துப் போடுத? கம்பெனிக்கு நாம கை மாதிரி. தல சொல்லாத வேலைய கை செய்யக்கூடாது. யாராவது கேட்டா சொல்லு."

சார் கெட்டவர் இல்லை. கம்பெனி ஃப்ரான்சைஸை எடுத்துவிட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. எனக்குத்தான் மனது ஆறவில்லை. கேட்டால் சொல் என்கிறார். தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பார்கள்? நானாகச் சொன்னால் சார் பேச்சை மீறியதாகுமா? சொல்லாவிட்டால் வாடிக்கையாளருக்குத் துரோகமா? அன்று யாழினிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இதையே யோசித்து, ஒரே வாயை இரண்டு தடவை ஆற்றினேன்.

வேறொன்றும் தோன்றியது. யாழினி அப்போது இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசமாட்டாள். "பிள்ளைக்குப் பேச்சுத் தாமதம்" என்று நான் தினமும் போனில் தேடிக்கொண்டிருந்தேன். மாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார்கள். என் கணவரிடம்கூடப் பாதிதான் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டு இணைப்பு என் மாமனார் பெயரில் இருக்கிறது. நான் தேடியதை வைத்து யாராவது மாமாவின் போனுக்குக் கூப்பிட்டால்? மறுநாள் காலையில் அவரிடம், "மாமா, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்றேன். "என்னத்துக்குத்தா?" என்றார். "கம்பெனி நம்ம வீட்டு விஷயத்த வெளிய கொடுக்காம இருக்க." கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்துச் சொன்னார். வேறெதுவும் கேட்கவில்லை. (யாழினி இப்போது பேசுகிறாள். நிறுத்தச் சொல்லும் அளவுக்குப் பேசுகிறாள்.)

எங்கள் வீட்டுக்குச் செய்துகொண்டதை மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரீசார்ஜுக்குக் கவுன்டருக்கு வருகிறவர்களிடம் மட்டும் வாய்வார்த்தையாகச் சொல்வது என்று முடிவு செய்தேன். போன் செய்தால்தானே இழுத்துப் போடுவது?

விதைக்கடை அண்ணாச்சி வந்தபோதும் சொன்னேன். மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் பருத்தி விதைப் பாக்கெட். பொறுமையாகக் கேட்டார்.

"நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு மக்கா? நான் காலையில கடைக்குப் போறேன், ராத்திரி வாரேன். பாத்தா பாத்துட்டுப் போறான்."

"இல்ல அண்ணாச்சி, வேண்டாம்னு போட்டு வச்சுருவோமே. ஒரு ஓடிபி வரும், அத மட்டும் சொல்லுங்க."

அண்ணாச்சி போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அது மட்டும் முடியாது. ஓடிபிய பெத்த பிள்ளைக்கும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காக."

"இது பேங்க் இல்ல அண்ணாச்சி."

"பேங்க் இல்லங்குதவன்தாம்மா ஏமாத்துதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

3. "இவுக என்னத்தப் பாத்தாக?"

ஒரு நாள் காலையில் ஆபீஸ் திறந்து சாமி படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் மனைவி செல்லம்மாள் முன்னால் வந்தார். பின்னால் அண்ணாச்சி. அவர்களுக்கும் பின்னால், வாசலிலேயே, மகள் கோமதி தன் பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷனோடு ஒத்துவராமல் விவாகரத்தாகி, குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம் ஆகிறது என்று ஊருக்கே தெரியும்.

"நீதான ரேவதி?" என்றார் செல்லம்மாள். "இவுக நெட்டுல என்னத்தப் பாத்தாகன்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு."

"என்னாச்சும்மா?"

"நேத்து இவுக குளிக்கப் போயிருக்கையில போன் வந்துச்சு. நான் எடுத்தேன். கல்யாணத்துக்கு வரன் பாக்குத கம்பெனியாம், ஒரு பொம்பளப்பிள்ள பேசுதா. 'சார், மறுமணத்துக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கீங்கள்ல, உங்க ஊர்ப் பக்கமே நல்ல வரன் இருக்கு'ங்கா. யாருக்குன்னேன். இவுக பேரச் சொல்லி, 'சாருக்குத்தான் மேடம், நீங்க யாரு, சிஸ்டரா?'ங்கா!"

ஜெபராஜ் சார் சட்டென்று எழுந்து ரௌட்டர் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

"ஏட்டி, கோமதியம்மன் மேல சத்தியமாச் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. "எனக்கு அந்தப் போன்ல பச்சய அமுக்கத் தெரியும், செவப்ப அமுக்கத் தெரியும். வேற என்ன தெரியும்?"

"தெரியாமத்தான் உங்க பேரு அவளுக்குத் தெரிஞ்சுதாக்கும்? இத்தன வருசமா நான் சொல்லாத பேர அவ எப்படி வாய் கூசாம சொல்லுதா!"

"பேரப்பிள்ள எடுத்தவனுக்கு எவம்ட்டி பொண்ணு கொடுப்பான்?"

"கொடுக்கதுக்கு ஆள் இருக்குன்னுதான அவ போன் பண்ணா!"

நான் விளக்கினேன். அரசாங்க விதி மாறியதையும், வீட்டு இணைப்பில் யாராவது ஒன்றைப் பார்த்தால் கம்பெனி அந்த விவரத்தை விளம்பரக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்பதையும், கணக்கு அண்ணாச்சி பெயரில் இருப்பதால் போன் அவருக்கு வருகிறது என்பதையும் சொன்னேன். செல்லம்மாள் கவனமாகக் கேட்டார்.

"அப்பம் வீட்டுல யாரோ பாத்திருக்கு."

"யாராவது பாத்திருக்கலாம்மா."

"நான் பாக்கல. பேத்தி சின்னப்பிள்ள. இவ வயித்தெரிச்சல்ல வந்து கெடக்கா, இவளா பாக்கப் போறா? மிச்சம் யாரு?"

நான் வாசலைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கோமதி குழந்தையின் சடையை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள். அது நன்றாகத்தான் பின்னியிருந்தது. அவள் காது சிவந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

சார் பெட்டிகளை விட்டுவிட்டு உதவிக்கு வந்தார். "அண்ணாச்சி, மாடியில யாரு குடியிருக்கா?"

"பேங்க்ல வேல பாக்க ஒரு தம்பி."

"வைஃபை கொடுத்திருக்கேளா?"

"வாடகையோட சேத்துத்தான்."

"பெறவென்ன? அவன்தான் பாத்திருப்பான்!"

அண்ணாச்சி முகம் பிரகாசமானது. "அவன இன்னைக்கே காலி பண்ணச் சொல்லுதேன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மாளே சொன்னார். "அந்தப் பிள்ளைக்கு இன்னும் மொதக் கல்யாணமே ஆவல. அவன் எதுக்கு மறுமணம் பாக்கான்? ஏன் சார், ஒருத்தரக் காப்பாத்த இன்னொருத்தர வீட்ட விட்டு அனுப்புவியளோ?" சார் மறுபடி பெட்டி அடுக்கப் போய்விட்டார்.

என் முன்னால் போர்ட்டலில் அண்ணாச்சியின் கணக்கு திறந்திருந்தது. யார் எதைப் பார்த்தார்கள் என்பது எங்கள் கவுன்டர் கம்ப்யூட்டரில் தெரியாது. ஆனால் எந்த நேரத்தில் எவ்வளவு நெட் ஓடியது என்று ஒரு கோடு தெரியும். "நெட் ஸ்லோ" என்று புகார் வந்தால் பார்ப்பதற்காக வைத்திருப்பது. அண்ணாச்சி வீட்டில் மத்தியானம் மத்தியானம் அந்தக் கோடு ஏறியிருந்தது. அப்போது அண்ணாச்சி கடையில் இருப்பார். மாடித் தம்பி பேங்கில் இருப்பான். செல்லம்மாள் தூங்குவார். திரையைத் திருப்பிக் காட்டினால் அண்ணாச்சி அந்த நிமிஷமே தப்பித்துவிடுவார். கோமதி மாட்டிக்கொள்வாள்.

"அது என்னம்மா, ஏறி எறங்கி ஒரு கோடு?" என்று செல்லம்மாள் எட்டிப் பார்த்தார்.

"லைன் நல்லா இருக்கான்னு பாக்கதும்மா" என்று சொல்லி அந்தப் பக்கத்தை மூடினேன். "யாரு பாத்தாங்கன்னு இதுல வராது. வந்தாலும் நாங்க சொல்லக்கூடாது."

"கணக்கு இவுக பேர்லதான இருக்கு? இவுக கேட்டாகூடவா?"

"யாரு கேட்டாலும்மா."

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இருக்கவேண்டும் என்று தோன்றியது. சார் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுக்கிய பெட்டியையே மறுபடி அடுக்கினார்.

"இனிமே இந்த மாதிரிப் போன் வராம இருக்க இப்பவே வேண்டாம்னு போட்டிருவோம் அண்ணாச்சி. ஓடிபி வரும்" என்றேன்.

அண்ணாச்சியின் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். பழக்கத்தில் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மறைக்கிய?" என்றார் செல்லம்மாள்.

"ஏட்டி, இது ஓடிபிட்டி!"

"ஓடிபியோ எவளோ. ஒரு நம்பரச் சொல்லதுக்கு என்ன கூச்சம்? மடியில கனம் இல்லேன்னா சொல்லுங்க!"

அண்ணாச்சி அந்த ஓடிபியை ஏலம் கூறுகிற மாதிரி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நான் "இல்லை" என்று மாற்றினேன். இனி போன் வராது. ஆனால் வந்த போனுக்கு என்ன செய்வது? செல்லம்மாள் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். கோமதி கடைசியாகப் போனாள்.

4. "சும்மா பாத்தேன்"

அந்த வாரம் எனக்கு வேலை ஓடவில்லை. செய்தது சரியா என்று குடைந்துகொண்டே இருந்தது. ஒன்றும் செய்யாத மனிதர் பழி சுமக்கிறார். அவரை விடுவிக்கக்கூடிய ஒன்று என் கையில் இருக்கிறது. வாடிக்கையாளர் அவர்தான். அவர் மகளுக்கும் ஆபீசுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வீட்டுக்கு ரௌட்டர் வேலை செய்யவில்லை என்று போன் வந்தபோது, வேறு யாருடைய கணக்கையோ திறந்து வைத்துக்கொண்டு, "உங்க லைன் நல்லாத்தானே இருக்கு" என்று வாதாடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கோமதி வந்தாள். கையில் தூக்குவாளி.

"அப்பாவுக்குச் சோறு கொண்டு போறேன்க்கா. கடையிலயே சாப்பிடுதாரு."

"வீட்டுல அம்மா சோறு போடலியா?"

"போடுதா. பேசாம போடுதா. அதுக்குப் போடாமலே இருக்கலாம்னு அப்பா கடைக்குக் கொண்டாரச் சொல்லிட்டாரு." ஸ்டூலில் உட்கார்ந்தாள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். "அக்கா, உங்களுக்குத் தெரியும்லா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நான் எதுலயும் பதிவு பண்ணல. பேரு கொடுக்கல. சும்மா பாத்தேன். கடையில போயி சேல பாக்கமாதிரி. எடுக்கணும்னு இல்ல. இப்பம் எப்படியெல்லாம் வருதுன்னு பாப்பம்லா, அப்படி. ஒரு நாளைக்கு வேணும்னு இருக்கும். ஒரு நாளைக்கு, இருக்கது போதும், இந்தப் பிள்ள போதும்னு இருக்கும். எனக்கே தெரியாத ஒண்ண வீட்டுல என்னன்னுக்கா சொல்ல?"

கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவள் நான். எடுத்த முடிவையே நாலு தடவை திருப்பிப் பார்க்கிறவள். அவள் சொன்னது எனக்குப் புரிந்த அளவுக்கு யாருக்கும் புரிந்திருக்காது. அவள் ஒரு முடிவும் எடுக்கவில்லை. எடுக்காத முடிவை யாரோ அவளுக்கு முன்னால் அவள் வீட்டில் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டார்கள். அதுவும் ஆள் மாற்றிச் சொல்லிவிட்டார்கள்.

"கோமதி, எங்ககிட்ட ஒரு கோடு தெரியுது. எந்த நேரத்துல நெட் ஓடுச்சுன்னு. அத அம்மாகிட்ட காட்டுனா அப்பா பேர் தெளிஞ்சிரும். ஆனா..."

"மத்தியானம்னு தெரிஞ்சிரும்."

"ஆமா. நான் காட்டல. நீ சொல்லாம காட்டவும் மாட்டேன். அதுல உங்க அப்பா கஷ்டப்படுதாரேன்னு இருக்கு, அதுவும் உண்மைதான்."

அவள் தூக்குவாளியின் கைப்பிடியை ஒரு பக்கம் சாய்த்தாள், மறுபக்கம் சாய்த்தாள்.

"அம்மாகிட்ட சொன்னா அழுவா. பொறவு அன்னைக்கே தரகர வரச்சொல்லுவா. எனக்கு ரெண்டும் வேண்டாம்." "சோறு ஆறிரும்" என்று எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிரட்டா?"

"உனக்கு எப்படித் தோணுது?"

"தோணலக்கா. அதான் கேக்கேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். விதைக்கடை எங்கள் ஆபீஸ் கவுன்டரில் இருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம்தான். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது அன்று எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

5. நம்பர் மாற்றம்

ரீசார்ஜ் நாளுக்கு முன்பே அண்ணாச்சி வந்தார். தெளிந்த முகம். வெற்றிலைச் சிவப்பு. எதிரில் உட்கார்ந்து, சார் வெளியே போயிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு பேசினார்.

"பிள்ள சொல்லிட்டா."

"சரி அண்ணாச்சி."

"நீ ஒரு வார்த்த சொல்லலியே, ஏன்?"

"அது உங்க மகளோட விஷயம் அண்ணாச்சி. எனக்குச் சொல்ல என்ன இருக்கு?"

"நான் ஆறுன சோத்தக் கடையில வச்சுத் தின்னுக்கிட்டிருந்தேன். உனக்கு எரக்கமே வரலியா?"

"வந்துச்சு அண்ணாச்சி. ரொம்ப வந்துச்சு."

அவர் சிரித்தார். சிரித்து முடித்து, மேஜையில் கிடந்த பேனாவை நேராக எடுத்து வைத்தார். "என் பொண்டாட்டிகிட்ட நான்தான் பாத்தேன்னு சொல்லிட்டேன்."

"ஐயோ!"

"பொறு. முழுசாக் கேளு. நம்ம பிள்ளைக்காகப் பாத்தேன், சும்மா என்னென்ன இருக்குன்னு பாத்தேன், அவகிட்ட ஒண்ணும் சொல்லல, நீயும் மூச்சு விடாத, அவளா ஒரு நாள் பேச்செடுத்தாப் பேசுவோம்னு சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'இத அன்னைக்கே சொல்லிருந்தா நான் ஏன் ஊரக் கூட்டுதேன்? கூட நானும் பாத்திருப்பேன்லா'ங்கா. அன்னைக்கு ராத்திரி எனக்குப் புளிக்குழம்பு, சுட்ட அப்பளம், எல்லாம். பச்சயும் செவப்பும் தவிர ஒண்ணும் தெரியாதவன் எப்படிப் பாத்தான்னு அவ கேக்கல. நானும் சொல்லல."

"கோமதிக்குத் தெரியுமா?"

"தெரியும். அவ அம்மா அவகிட்ட ஒண்ணும் கேக்கல. வாய வச்சுக்கிட்டு அவ படுத பாட்ட நீ பாக்கணுமே! ஆனா கேக்கல."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். கணக்கு அவர் பெயரிலேயே இருக்கட்டும். போன் நம்பரை மட்டும் மாற்ற வேண்டும்.

"கோமதி நம்பரப் போடு. என்ன வந்தாலும் இனி அவளுக்கு வரட்டும். எடுக்கதும் எடுக்காததும் அவ இஷ்டம். எனக்கு வர வேண்டியது மழையும் வெத விலையும்தான். அதுக்கு நெட்டு வேண்டாம்."

மாற்றினேன். நம்பரை மாற்றினால் போர்ட்டல் பழையதை எல்லாம் அழித்துவிட்டு, மறுபடி "சம்மதம்" என்று தானாகவே போட்டுக்கொள்கிறது. இது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நல்லவேளை, இரண்டாவது தடவை பார்க்கிற என் பழக்கத்தால் தெரிந்தது. "அண்ணாச்சி, இத மறுபடியும் வேண்டாம்னு போடணும்" என்றேன்.

"என்கிட்ட எதுக்குக் கேக்க? அவகிட்ட கேளு."

கோமதியைக் கூப்பிட்டேன். அப்பா செய்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினாள்.

"வேண்டாம்னு சொல்லிட்டா அந்த மாதிரி எதுவுமே பாக்க முடியாதாக்கா?"

"பாக்கலாம். நீயா தேடுனா எல்லாம் வரும். அவங்களா உன்னைத் தேடி வரமாட்டாங்க. அவ்வளவுதான்."

"அப்படியா." மிக்ஸி மறுபடி ஒரு சுற்று ஓடி நின்றது. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுமாக்கா?"

"தாராளமா யோசி. நீ சரின்னு சொல்லுதவரைக்கும் வேண்டாம்னு போட்டு வைக்கேன். இப்ப ஒரு ஓடிபி வரும், அத மட்டும் சொல்லு."

சொன்னாள். போட்டு வைத்தேன். அண்ணாச்சி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

சார் வந்ததும், நம்பர் மாற்றினால் சம்மதம் தானாக ஏறிவிடுவதைக் காட்டினேன். நாடியைத் தடவிக்கொண்டு திரையைப் பார்த்தார். "கேக்கக்கூடாதுன்னு மெயில்ல இருக்கா?" என்றார். "இல்ல சார்." "அப்பம் எல்லார்கிட்டயும் கேளு. போன் பண்ணியே கேளு. கம்பெனிக்காரன் என்னைக் கேட்டா, அந்தப் பிள்ள சரியான பயந்தாங்கொள்ளி, கேக்காம ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிக்கிடுதேன்."

கவுன்டருக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சம்மதத்தைக் கேட்டு வாங்கச் சொல்லி விதி இருந்தது, இப்போது இல்லை, நாளைக்குத் திரும்ப வரலாம். நாம் கேட்பதை யாரும் தடுக்கவில்லை. பதில் சொல்ல யாராவது நேரம் கேட்டால் கொடுங்கள். அந்த நேரம் முழுக்க "இல்லை" என்றே இருக்கட்டும். கோமதி இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.